எர்த் ஆனால் நிற்கும், அறுந்தால் ஓடும்

1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் கான்ஸ்டாட் என்ற ஊர். காட்லீப் டைம்லரும் அவருடைய கூட்டாளி வில்ஹெல்ம் மேபாக்கும் நெக்கர் நதியில் ஒரு படகை ஓட்டிப் பார்த்தார்கள். துடுப்பு இல்லை, பாய் இல்லை, நீராவியும் இல்லை. உள்ளே இருந்தது சின்ன பெட்ரோல் என்ஜின். கரையில் நின்ற ஜனங்களுக்குப் பயம். பெட்ரோல் வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டைம்லர் ஒரு தந்திரம் செய்தார். படகைச் சுற்றி ஒயர்களையும் பீங்கான் இன்சுலேட்டர்களையும் மாட்டிவிட்டார். பார்த்தவர்கள் மின்சாரப் படகு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியானார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த என்ஜினில் பேருக்குக்கூட மின்சாரம் கிடையாது. ஒரு சின்னக் குழாயை வெளியிலிருந்து தீ வைத்துச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பெட்ரோலைப் பற்ற வைத்தார்கள். அதாவது பெட்ரோல் படகில் எந்நேரமும் எரியும் நெருப்பு! ஜனங்கள் பயந்தது நியாயம்தான். இப்போது பெரிய அவுட்போர்டு என்ஜின்களில் பேட்டரி செத்தால் கயிற்றை இழுத்துக் கிளப்பக்கூட வழி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நூற்றிச் சொச்சம் வருஷம்தான் இந்தப் பதிவு.

நான் காமர்ஸ் படித்தவன். ஓம் விதியெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. ஆனால் வங்கி வேலை நம்மை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்தும். மும்பைக்கு மாற்றலாகி வந்த பிறகு படகுக் கடன், என்ஜின் கடன் என்று சில ஃபைல்கள் என் மேஜைக்கு வந்தன. அடமானமாக இருக்கும் என்ஜினை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கப் போன இடத்தில் சும்மா நிற்கப் பிடிக்காமல் கேள்வி கேட்க ஆரம்பித்து, பிறகு புத்தகம் தேடிப் படித்து, கடைசியில் இந்தப் பைத்தியம் பிடித்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரனுக்குக் கடல் சமாச்சாரம் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பழைய என்ஜின் கிளம்பவில்லை என்றால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, 'கரண்ட் வருதா?' அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த என்ஜின் எந்தக் காலத்து மின்சாரத்தில் ஓடுகிறது? இது தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுத்தால் நல்ல என்ஜினும் கெட்டுப்போகும்.

டைம்லருக்குப் பிறகு வந்த படகு என்ஜின்களில் பலவற்றில் இருந்தது 'மேக் அண்ட் பிரேக்' என்ற முறை. கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் 1908ல் தொடங்கிய அக்கேடியா கம்பெனியின் என்ஜின்கள் அங்கே ரொம்பப் பிரபலம். சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு உலோக முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண டிரை செல்லும் ஒரு காயிலும் அதற்குக் கரண்ட் தரும். சரியான நேரத்தில் முனைகள் சட்டென்று பிரியும்போது பொறி வரும். ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வெளியே ஓடும் ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டும் கிடையாது.

கார்களில் இந்த முறை சீக்கிரமே வழக்கொழிந்தது. மீனவர்கள் மட்டும் இதை ஏன் விடவில்லை? உப்புத் தண்ணீர்தான் காரணம். ஸ்பார்க் பிளக் வேலை செய்ய பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் மின்சாரத்துக்கு ஈரமான ரப்பர், உப்புப் படிந்த பீங்கான் எல்லாமே ராஜபாட்டை. பிளக்குக்குப் போக வேண்டியது வழியிலேயே என்ஜின் பாடியில் இறங்கிவிடும். குறைந்த வோல்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அலை மேலே அடித்தாலும் மேக் அண்ட் பிரேக் என்ஜின் பாட்டுக்கு டொக் டொக் என்று ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு வித்தையும் உண்டு. கைதேர்ந்தவர்கள் பொறியை நிறுத்தி, சக்கரம் நின்று பின்வாங்கும் அந்த நொடியில் மறுபடி பொறியைக் கொடுத்து, என்ஜினையே எதிர்ப்பக்கம் சுற்ற வைப்பார்கள். ரிவர்ஸ் கியர் வாங்கும் செலவு மிச்சம்!

அடுத்த காலம் மேக்னெட்டோவின் காலம். ராபர்ட் பாஷ் 1887ல் குறைந்த வோல்ட் மேக்னெட்டோ ஒன்றைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனல்ட் 1902 வாக்கில் அதை அதிக வோல்ட் மேக்னெட்டோவாக மாற்றி, ஸ்பார்க் பிளக்கோடு சேர்த்துக் கொடுத்தார். காந்தம் சுற்றும், காயிலில் மின்சாரம் பிறக்கும், பாயிண்ட் திறக்கும், பிளக்கில் பொறி விழும். பேட்டரியே வேண்டாம். என்ஜின் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளும்.

அவுட்போர்டு என்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்க முடியும்? நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909ல் தன் அவுட்போர்டை விற்க ஆரம்பித்தார். ஒன்றரை குதிரைசக்தி, 62 பவுண்டு எடை, விலை 62 டாலர். அந்த ஆரம்ப என்ஜின்களுக்குப் பேட்டரிப் பெட்டியைப் படகில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஃப்ளைவீலுக்குள்ளேயே மேக்னெட்டோவை வைத்தார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்தால் போதும். இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

இதே சமயத்தில் கார் உலகம் எதிர்த்திசையில் போனது. சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காருக்கு முதலில் பேட்டரி இக்னிஷனும், 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் கொடுத்தார். கார் என்ஜினைக் கொஞ்சம் மாற்றிப் படகின் உள்ளே வைத்தபோது அந்த பேட்டரியும் செல்ஃபும் கூடவே படகேறி வந்துவிட்டன. ஆக, துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பழைய படகுகளில் இரண்டு வேறு பரம்பரைகள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பேட்டரி இக்னிஷனை நிறுத்த வேண்டுமானால் கரண்ட் வரும் வழியைத் துண்டிக்க வேண்டும். மேக்னெட்டோவை அப்படித் துண்டித்து நிறுத்த முடியாது. காந்தம் சுற்றும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த மின்சாரத்தை எர்த் பண்ணிவிடுவார்கள். ஸ்டாப் பட்டனை அழுத்தினால் ஒரு ஒயர் என்ஜின் பாடியோடு சேரும், பொறி சாகும். ஒன்றில் ஒயர் அறுந்தால் நிற்கும். இன்னொன்றில் ஒயர் அறுந்தால் நிறுத்தவே முடியாது, ஒயர் எங்கேயாவது உரசி எர்த் ஆனால்தான் நிற்கும். ஒரே கோளாறு, நேர் எதிரான விளைவு. எங்கள் தொழிலில் இது பழகிய சங்கதி. உங்கள் பாஸ்புக்கில் கிரெடிட் என்று இருப்பது உங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் டெபிட். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று தெரியாமல் கணக்கைத் திருத்தப் போனால் பிழை இரட்டிப்பாகும்.

வெர்சோவா கோலிவாடாவில் இதை நேரில் பார்த்தேன். புது என்ஜினுக்குக் கடன் கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருந்தார். சின்ன ஃபைபர் படகு, பழைய அவுட்போர்டு, பாயிண்ட் வைத்த மேக்னெட்டோ ரகம். 'காயில் போச்சு, பிளக்கில் பொறியே இல்லை, இதற்குச் சாமான் கிடைக்காது' என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். நான் போன அன்று பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு வயதான மெக்கானிக்கை அவர் 'காகா, ஒரு தடவை பாருங்க' என்று கூப்பிட்டார்.

காகா காயிலைத் தொடவே இல்லை. மேல் மூடியைக் கழற்றினார். ஸ்டாப் பட்டனுக்குப் போகும் ஒயரைத் தேடிப் பிடித்து அதன் ஸ்க்ரூவைக் கழற்றி ஒயரை ஒதுக்கி வைத்தார். கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது! பட்டனுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கித் துரு கட்டி, யாரும் அழுத்தாமலேயே எந்நேரமும் அழுத்தியபடி இருந்திருக்கிறது. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடக் கூடாது என்ற உத்தரவு அதற்கு ஓயாமல் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இப்ப எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"சோக்கை இழுத்தா மூச்சு முட்டி நின்னுடும், சாஹேப்" என்று சிரித்துக்கொண்டே இழுத்தார். நின்றது.

கடன் விண்ணப்பத்தை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு கணக்கு குறைந்ததில் என் மேலதிகாரிக்கு வருத்தம் இருந்திருக்கலாம். எனக்கு இல்லை. தவணை கட்டுவதற்காகவே கெட்ட பருவத்தில் கடலுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன ஒயர் ஒன்றின் கோளாறு சில வருஷக் கடனாக மாறிவிடக்கூடிய இடம் அது.

பேட்டரி வைத்த என்ஜின்களின் கதை வேறு. அங்கே வழக்கமான புகார், செல்ஃப் எடுக்கவில்லை என்பது. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டும், அதாவது முழு சார்ஜ். உடனே செல்ஃப் மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டுவார்கள். பாஸ்புக்கில் பேலன்ஸ் இருப்பது வேறு, செக் பாஸாவது வேறு. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் பச்சை பூத்த ஒரு டெர்மினலில் 0.02 ஓம் தடை இருந்தால் அந்த ஒரு இடத்திலேயே 3 வோல்ட் காணாமல் போய்விடும். சாதாரண மீட்டரில் 0.02 ஓம் என்பது பூஜ்ஜியம் மாதிரிதான் தெரியும். அதனால் செல்ஃபை ஓட விட்டு, அப்போது ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டர் முனையை வைத்து எங்கே வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியே செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது பேட்டரியின் கோளாறு.

காரிலிருந்து வந்த பழக்கம் படகில் உதைக்கும் இன்னொரு இடம் எர்த். காரின் இரும்பு உடம்பே திரும்பி வரும் வழி, ஒரு ஒயர் போதும். மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும் அந்த உடம்பு இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ஒயர் வேண்டும். வரும் ஒயரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாதிக் கோளாறு அங்கேதான். இன்னொன்று, சாதாரணச் செப்பு ஒயர் உப்புக் காற்றில் உறைக்கு உள்ளேயே கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். முனையை ஒரு அங்குலம் சீவிப் பார்த்தால் வண்டவாளம் தெரியும். அதனால்தான் கடலுக்கென்று விற்கும் ஒயரில் ஒவ்வொரு இழைக்கும் ஈயம் பூசியிருப்பார்கள்.

உப்புத் தண்ணீரும் உலோகமும் சேர்ந்து செய்யும் சேட்டை என்ஜின் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1824ல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் இருந்த செப்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத் துண்டுகளையும் அதோடு சேர்த்துப் பார்த்தார். இரும்பும் துத்தநாகமும் கரைந்தன, செம்பு பிழைத்தது. ஆனால் கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை சிப்பிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரைவது நின்றதும் கப்பலடி முழுக்கச் சிப்பியும் பாசியும்! திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்தத் துத்தநாகத் துண்டு மட்டும் இன்றும் அவுட்போர்டுகளின் காலில் தொங்குகிறது. அழகுக்காக அதற்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள் சிலர். அதற்குப் பிறகு அது வெறும் எடை.

1960களில் மறுபடி ஒரு திருப்பம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். என்ஜின் நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆல்டர்னேட்டரில் இதே சோதனையைச் செய்தால் வோல்ட் எகிறி டையோடு எரிந்துபோகலாம். அதே பத்தாண்டில் மெர்குரி கம்பெனி 'தண்டர்போல்ட்' என்ற பெயரில் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. சிடிஐ என்று நாம் சொல்வது இந்த வகைதான். ஒரு கண்டென்சரில் சுமார் 300 வோல்ட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் மொத்தத்தையும் காயிலில் கொட்டும். காலப்போக்கில் பாயிண்ட் தேய்வது, இடைவெளி பார்ப்பது எல்லாம் ஒழிந்தது. கூடவே பிளக் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு பொறி பார்க்கும் பழைய வித்தையும் ஆபத்தாகிப்போனது. போக வழி இல்லாத மின்சாரம் காயிலையும் பெட்டியையும் பதம் பார்த்துவிடும்.

இதைவிட மோசமான ஒரு குழப்பம் உண்டு. அவுட்போர்டுகளில் சிடிஐ வந்தபிறகும் நிறுத்தும் முறை பெரும்பாலும் பழைய மேக்னெட்டோ முறைதான். ஸ்டாப் ஒயர் எர்த் ஆனால் என்ஜின் நிற்கும். சாவி போடும் சுவிட்ச் பழுதானதும் சிலர் பக்கத்துக் கடையில் கார் சுவிட்ச் வாங்கி மாட்டுகிறார்கள். கார் சுவிட்ச் சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட்டை அனுப்பும். அது நேராக ஸ்டாப் ஒயருக்குள் போய் எலெக்ட்ரானிக் பெட்டியை எரித்துவிடும். சுவிட்ச் விலையை மிச்சம் பிடிக்கப் போய், பெட்டிக்குப் பல மடங்கு செலவு.

கார் சாமானைப் படகில் மாட்டுவதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் ஒழுகினால் ரோட்டில் கலைந்துவிடும். படகில் ஒழுகினால் அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும். கார் செல்ஃப், கார் டைனமோ, கார் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றிலும் உள்ளே பொறி பறக்கும். அது வெளியே வராமல் தடுக்கும் அமைப்பு அவற்றில் இல்லை. படகுக்கென்று செய்தவற்றில் உண்டு. அச்சு அசல் ஒரே மாதிரி இருப்பதால் விலை குறைவான கார் சாமானை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அமெரிக்கா 1940லேயே மோட்டார் படகுச் சட்டம் போட்டு, கார்புரேட்டருக்குத் தீத்தடுப்பானும் அடித்தட்டுக்குக் காற்றோட்டமும் கட்டாயம் என்றது. பெட்ரோல் வைத்த எந்தப் பழைய படகிலும் மின்சாரக் கோளாறு பார்க்கும் முன் என்ஜின் அறையைத் திறந்து மோந்து பார்ப்பதுதான் முதல் வேலை. மீட்டரெல்லாம் அப்புறம்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1952ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, 1953ல் கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வீஜியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம் மேற்குக் கரையில் விசைப்படகு பரவியதற்கு அது ஒரு முக்கியமான ஆரம்பம். பெரிய படகுகள் டீசலைப் பிடித்துக்கொண்டன. டீசலில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிய சின்ன டீசல்களுக்கு ஒரு ஒயர்கூடத் தேவைப்படவில்லை. மேக் அண்ட் பிரேக்கை விடாத நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களும் நம்ம ஊர் டீசல்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் டீசல் கனம் தாங்காது. 1980களில் ஜப்பானிலிருந்து யமஹா, சுசுகி மண்ணெண்ணெய் அவுட்போர்டுகள் கேரளக் கரையிலும் எங்கள் குமரிக் கரையிலும் பரவியபோதுதான் பொறி மறுபடி நம் மீனவர் கைக்கு வந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்கில் படியும், பொறி அதன் மேலேயே ஊர்ந்து எர்த் ஆகிவிடும். கரையில் நன்றாக ஓடியது கடலில் நிற்பதற்கு அடிக்கடி இதுவே காரணம். திருவனந்தபுரத்தில் 1980ல் தொடங்கிய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், இந்த என்ஜின்களுக்குச் சர்வீஸ் மையங்களை நடத்தி, மெக்கானிக் கிடைக்காத கரைகளில் பெரிய உபகாரம் செய்தது.

முட்டம் பக்கம் வள்ளங்களில் அந்த நாளில் பார்த்த ஒரு சாமான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூடி இறுக்கிய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே பழைய துணியில் சுற்றிய இரண்டு பிளக், ஒரு துண்டு உப்புத்தாள், நனையாத தீப்பெட்டி. பிளக் ஸ்பானரை மட்டும் உள்ளே போட மாட்டார்கள். அது தனியாக, ஒரு முழக் கயிற்றில் படகின் குறுக்குச் சட்டத்தோடு கட்டியிருக்கும்.